முன்னணி லீக்கும் உண்மையான முன்னணி லீக்கும்

பன்னிரண்டு வயதுப் பையனைக் கால்பந்தில் பெரிய ஆளாக்க வேண்டும் என்றால் புதுச்சேரியில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, புதுவை முன்னணி இளையோர் கால்பந்து லீக். இன்னொன்று, புதுவை உண்மையான முன்னணி இளையோர் கால்பந்து லீக். ஆரம்பத்தில் ஒரே லீக்தான். ஒரு பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவது என்று பேச்சு வந்தது. பேச்சு நாற்காலியைக் கையில் எடுத்தது. நாற்காலி நிறையப் பேர் தலையில் பட்டு இரண்டாக உடைந்தது. லீக்கும் உடைந்தது. நாற்காலியின் முதுகு உப்பளம் அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கால்கள் தவளக்குப்பத்தில்.

இந்த வரலாறு எதுவும் தெரியாதவர் ஹாஜா. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. பஞ்சை அடிக்கும்போதுகூட அதற்கு வலித்துவிடுமோ என்று யோசித்து அடிப்பவர் என்று மார்க்கெட்டில் அவரைக் கிண்டல் செய்வார்கள். அவருடைய மகன் ஷாரிக், இடது கால்காரன். தெருவில் இருக்கும் எல்லாப் பையன்களையும் தாண்டிப் போய்விட்டான். மின்கம்பத்தையும் தாண்டினான், மாட்டையும் தாண்டினான். தன்னிடமிருந்து பந்தைப் பிடுங்க ஒருத்தன் வரமாட்டானா என்பதுதான் அவனுடைய ஒரே ஏக்கம்.

"மச்சான், இவனை இப்பிடியே தெருவுல வுட்டா வீணாப் பூடுவான்" என்றான் அஸாருதீன். ஹாஜாவின் மனைவி ஜீனத்துன்னிசாவுக்குத் தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான், ஆகையால் உலக விவகாரம் தெரியும். "லீக்ல போடுங்க. மொதல்ல சென்னை. அப்புறம் கோவா. அப்புறம் பிரான்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, நீங்க மெத்தை தைக்க வேணாம்."

"எனக்குத் தைக்கப் புடிக்கும்பா."

ஷாரிக் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "அத்தா, அங்க நல்லா ஆடுற பசங்க இருப்பாங்கதானே?"

ஜீனத் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். "ஆடட்டும். நான் வேணாம்னு சொல்லல. நான் முழுசா அனுப்புறேன், எனக்கு முழுசா திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும். ஒரு வெரலு கொறைஞ்சாலும் உங்களத்தான் கேப்பேன்."

"கால்பந்துதானே ஜீனத்து" என்று சிரித்தார் ஹாஜா.

மறுநாள் அப்பாவும் மகனும் உப்பளம் போனார்கள்.

முன்னணி லீக்கின் தலைவர் முசியே ஜானகிராமன்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. எந்தப் போரில் இருந்தீர்கள் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சமையலறை என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். அவருடைய அறைச் சுவரில் கோப்பைகள் இல்லை. எக்ஸ்ரே படங்கள் இருந்தன. வரிசையாகச் சட்டம் போட்டு, பின்னால் விளக்கு வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமாலை போட்டிருந்தது.

"உக்காருங்க பாய். ஒரு லீக் நல்ல லீக்கா இல்லியான்னு எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?"

"நல்லா ஆடுறாங்களான்னு பாத்துதான்."

முசியே பரிதாபப்பட்டுச் சிரித்தார். "கோல எண்ணுறது பாமரத்தனம். கோல் எந்தத் தெருவுலயும் விழும். எலும்பு சும்மா உடையுமா? அதுக்குப் பயிற்சி வேணும். கட்டுப்பாடு வேணும். பெத்தவங்க ஒத்துழைப்பு வேணும். போன சீசன்ல நம்ம லீக்ல ஒம்பது. அந்தத் தவளக்குப்பம் பயலுவ பத்துன்னு சொல்லிக்கிறானுவ. அதுல ரெண்டு பைக்லேர்ந்து வுழுந்தது. இதப் பாருங்க, தொடையெலும்பு. எவ்ளோ சுத்தமா உடைஞ்சிருக்கு பாருங்க. இந்தப் பையன் இப்ப எங்க இருக்கான் தெரியுமா?"

"எங்க?"

"வீட்ல."

"நடக்குறானா?"

"அத வுடுங்க. அவன் கால ஒடச்சவன் சென்னைல இருக்கான். வுவாலா, பாத்துக்குங்க."

ஷாரிக் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார், நான் பந்து ஆடிக் காட்டட்டா?"

"இருக்கட்டும் தம்பி. அது கூடுதல் தகுதிதான். மொதல்ல அப்பாவ பாக்கணும்."

பெற்றோர் மேம்பாட்டு அலுவலர் கார்குழலி உள்ளே வந்தார். கழுத்தில் விசில், கையில் ஒலி அளக்கும் கருவி. ஹாஜாவைச் சுவரோரம் நிற்கவைத்தார். "சார், ஆட்டம் நடக்குது. உங்க பையன் பந்தோட ஓடுறான். எதிர்ல ஒரு பையன் வர்றான். நீங்க கோட்டுக்கு வெளியில நின்னு என்ன சொல்வீங்க?"

ஹாஜா யோசித்தார். "'பாத்துப்பா'ன்னு சொல்வேன்."

முசியே எழுந்து போய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். இறந்த வீட்டில் துக்கம் விசாரிக்கும் குரலில் கார்குழலி சொன்னார், "சார், அந்த வார்த்தையால எத்தனையோ பசங்க வாழ்க்கை அழிஞ்சிருக்கு."

ஹாஜா பயந்துபோய், இன்னொரு லீக்கையும் பார்த்துவிடலாம் என்று தவளக்குப்பத்துக்கு பஸ் ஏறினார்.

உண்மையான முன்னணி லீக்கின் தலைவர் வெற்றிவேல் மனை விற்பவர். மைதானத்தையே மனை மாதிரி சுற்றிக் காட்டினார். "அவங்க லீக்ல பெத்தவங்க கத்துவாங்க. கத்தி என்னா ஆவப்போவுது? நம்ம லீக்ல எறங்குவாங்க. அங்க பாருங்க, எறங்குறதுக்குன்னே தனி கேட்டு. கீழ கார்ப்பெட். வழுக்கி வுழுந்துட்டா நம்ம பொறுப்பு."

அப்போது ஒரு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அதாவது, பையன்கள் ஒரு ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒருவர் இன்னொருவரைத் தரையில் போட்டு, மார்பில் ஏறி உட்கார்ந்து, முகத்தில் குத்திக்கொண்டிருந்தார்.

"அவரு யாரு?" என்றார் ஹாஜா.

"எதிர் டீமு அப்பா."

"கீழ இருக்கிறவரு?"

"அவரும் எதிர் டீமுதான். நம்மாளுங்க இன்னும் வரல. ட்ராபிக்கு."

நடுவர் கோபிநாத் ஹெல்மெட்டும் கிரிக்கெட் பேடும் போட்டுக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். முன்பல் இரண்டு இல்லை. அவரைப் பார்த்து ஹாஜாவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், "வேலை எப்பிடிங்க இருக்கு?" என்று கேட்டார்.

"முன்னாடி மாட்டு டாக்டர்கிட்ட உதவிக்கு இருந்தேன் பாய். மாடு ஒதைக்கும், இல்லேங்கல. ஆனா மாட்டுக்குப் பின்னாடி அதோட அப்பா வரமாட்டாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹாஜா முடிவெடுத்தார். அங்கே இறங்குகிறார்கள், இங்கே கத்தத்தானே சொல்கிறார்கள். பையன் பத்திரமாக இருப்பான். ஷாரிக்கை முன்னணி லீக்கில் சேர்த்தார். "நல்ல முடிவு மச்சான், அங்க ஒழுக்கம் இருக்கு" என்றான் அஸாருதீன்.

பையன்களுக்கு மாலையில் பயிற்சி. பெற்றோருக்கு ஞாயிறு காலையில். உப்பளம் மைதானத்தில் ஒரு வைக்கோல் பொம்மைக்கு நடுவர் சட்டை போட்டு நிறுத்தியிருந்தார்கள். பெற்றோர் ஒவ்வொருவராக வந்து அதைத் திட்ட வேண்டும். வகுப்பில் முதல் மாணவி கமலா, ஒரு கோல்கீப்பரின் அம்மா. இருபதடி தூரத்தில் இருந்து டிபன் கேரியரை வீசினால் பொம்மையின் தலை தனியாகப் போய் விழும். அப்புறம் நிதானமாக நடந்து போய் மூடியைப் பொறுக்கிக்கொண்டு வருவார். சாம்பார் சிந்தியிருக்காது.

ஹாஜாவின் முறை வந்தபோது பொம்மையைப் பார்த்து, "என்னாங்க இப்பிடிப் பண்ணிட்டீங்க" என்றார்.

கார்குழலி தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாய், உங்க குரல்ல மரியாத ஒட்டிக்கிட்டிருக்கு. மொதல்ல அதக் கழட்டணும். தொண்டைலேர்ந்து பேசாதீங்க. வயித்துலேர்ந்து வரணும். உங்களுக்குக் கோவமே வராதா?"

"வரும்மா. வந்தா வெளில போயி ஒரு டீ குடிப்பேன்."

"இனிமே டீ குடிக்காதீங்க."

ஹாஜா டீயை நிறுத்தினார். மூன்று வாரம் கழித்து ஒரு கிழவர் கடைக்கு வந்து, போன மாதம் வாங்கிய தலையணை கொஞ்சம் மேடாக இருக்கிறது என்று சொன்னார். ஹாஜாவின் வயிற்றில் இருந்து ஏதோ ஒன்று கிளம்பியது. அதுவரை அவருக்கே தெரியாத வார்த்தைகள் அதில் இருந்தன. கிழவர் தலையணையை விட்டுவிட்டு ஓடினார். ஒரு செருப்பையும் விட்டிருந்தார். ஹாஜா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியிருந்தது, பல்வலி நின்ற மாதிரி.

ஷாரிக்குக்கு முதல் ஆட்டம் வந்தது. மூன்று கோல் போட்டான். மூன்றாவது கோலில் நாலு பேரைத் தாண்டி, கோல்கீப்பரையும் உட்காரவைத்துவிட்டுப் பந்தை உள்ளே நடத்திக்கொண்டு போனான். யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் கோட்டுக்கு வெளியே ஒரு தாய்மாமன் ஒரு சித்தப்பாவின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆட்ட அறிக்கையில் காது மட்டும் இடம்பெற்றது.

பயிற்சியாளர் கோவிந்தசாமி ஷாரிக்கைத் தனியாகக் கூப்பிட்டார். "மூணு கோல் போட்டிருக்க. சரி. எதிர் டீம்ல ஒருத்தனாவது நொண்டுறானா பாரு. எல்லாம் குதிச்சிக் குதிச்சி வூட்டுக்குப் போறானுவ. இப்பிடியே போனா உன் எதிர்காலம் என்னாவறது?"

"பந்து எங்கிட்டதானே சார் இருந்திச்சி. அவங்கள எதுக்கு ஒதைக்கணும்?"

"இதான் உங்கிட்ட கொறை. எல்லாத்துக்கும் காரணம் கேக்குற."

சீசன் முடிகிற நேரத்தில் இரண்டு லீக்கும் சேர்ந்து ஒரே ஒரு பெரிய ஆட்டம் நடத்துவது என்று முடிவாயிற்று. ஒற்றுமைக்காக இல்லை. சென்னையில் இருந்து ஒரு பெரிய அகாடமியின் தேர்வாளர் வருகிறார், அவர் ஒரு நாள்தான் வருவார் என்பதற்காக. உப்பளத்தில் மேடை போட்டார்கள். தேர்வாளருக்குப் பக்கத்தில் நாற்காலியே போடவில்லை. அந்த அளவுக்கு இரண்டு தரப்பும் முதிர்ச்சி அடைந்திருந்தன.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் முசியே மைக்கைப் பிடித்தார். "இந்தப் பசங்கதான் நம்ம நாளைய நம்பிக்கை. இவங்கள நாம அன்பா வளக்கணும். இன்னிக்கு இந்தக் களத்துல விழுற ஒவ்வொரு துளி ரத்தமும் வீணாப் போவாதுன்னு நான் உறுதி தர்றேன். ஆம்புலன்ஸ் மூணு நிக்கிது. போன வருஷம் ஒண்ணுதான். வளர்ச்சியப் பாருங்க." பெற்றோர் கைதட்டினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர்களும் தட்டினார்கள்.

ஆட்டம் தொடங்கியது. தவளக்குப்பம் அணியில் இளம்பரிதி என்று ஒல்லியாக ஒருவன். ஷாரிக் பந்தோடு அவனைத் தாண்டப் போனான். தாண்டி மூன்றடி போன பிறகுதான் காலில் பந்து இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். உடம்பில் உரசாமல், ஒரு சொடக்கில், இளம்பரிதி எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஷாரிக் நடு மைதானத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். இரண்டாவது முறையும் போனான், இரண்டாவது முறையும் பந்து போயிற்று. மூன்றாவது முறை ஷாரிக் அவன் கால்களுக்கு நடுவில் பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். இளம்பரிதி, "டேய், நல்லாருக்குடா" என்றான்.

ஹாஜா அன்றுதான் முதன்முதலாகக் கத்த மறந்து ஆட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கார்குழலியின் கருவி அவர் பக்கம் திரும்பியபோது பூஜ்யம் காட்டியது.

இடைவேளையில் கோவிந்தசாமி ஷாரிக்கைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். முசியேயும் மேடையில் இருந்து இறங்கி வந்துவிட்டார். ஹாஜா நின்ற இடத்துக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"அந்த ஒல்லிப் பயலப் பாத்தியா" என்றார் கோவிந்தசாமி. "அடுத்த பாதில பந்த மறந்துடு. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல. பூட்ஸோட பக்கவாட்டுல எறக்கு. தேர்வாளர் வடக்குப் பக்கமா உக்காந்திருக்காரு, அங்க வச்சி செய்யி."

"மாட்டேன் சார்."

"ஏன்டா?"

"அவன் எங்கிட்டேர்ந்து பந்தப் புடுங்குறான் சார்."

"அதாண்டா சொல்றேன்."

"இல்ல சார். அழகாப் புடுங்குறான்."

முசியே ஜானகிராமன் முன்னால் வந்தார். "திசிப்ளின்" என்று சொல்லி, ஷாரிக்கின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். பையன் புல்லில் போய் விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

ஹாஜா கோட்டைத் தாண்டினார். இரண்டு லீக்கையும் சேர்ந்த பெற்றோர்கள் அவர் நடந்து போவதைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. பையனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகத்தான் போனார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பையனுக்கும் அவருக்கும் நடுவில் முசியே நின்றிருந்தார். "பாய், கோட்டுக்கு வெளில நில்லுங்க. விதிமுறை இருக்கு" என்றார். டீ குடிக்காத ஐந்து மாதங்கள் ஹாஜாவின் வயிற்றில் இருந்து கிளம்பி, தோளுக்கு வந்து, முழங்கை வழியாக முஷ்டியில் இறங்கின. பத்தொன்பது வருஷம் பஞ்சு அடித்த கை. முசியேயின் தாடை, தேங்காய் உடைகிற சத்தத்தோடு இடம் மாறியது.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கார்குழலி கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு தருணம் எப்போதாவதுதான் வாய்க்கும்.

பிறகு எல்லோரும் இறங்கினார்கள். வெற்றிவேல் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கிக் கோவிந்தசாமியின் முழங்காலில் இறக்கினார். கோவிந்தசாமி விழும்போது வெற்றிவேலின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தொடையில் பல்லைப் பதித்தார். ஒரு பெரியப்பா கோல் வலைக்குள் சிக்கிக்கொள்ள, மூன்று பேர் வலைக்கு வெளியே நின்று அவரை மீன் மாதிரி மிதித்தார்கள். மூவரில் இருவர் அவருடைய சொந்தத் தம்பிகள். பரபரப்பில் கவனிக்கவில்லை. கோபிநாத் விசில் ஊதினார். விசிலை அவர் தொண்டைக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு அவர் மூச்சு விடும்போதெல்லாம் ஆட்டம் நிறுத்தப்பட்டது, ஆனால் யாரும் நிற்கவில்லை. அஸாருதீன் இதையெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு டிபன் கேரியர் நேராக வருகிறது.

முதல் ஆம்புலன்ஸ் நிரம்பியது. இரண்டாவதில் இரண்டு தரப்பையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். அது உள்ளுக்குள் சண்டை நடந்து, கதவு திறந்து, காலியாகத் திரும்பி வந்தது.

ஹாஜா ஷாரிக்கைத் தூக்கப் போனபோது கமலா கொடிக்கம்பால் அவரை அடித்தார். காறை எலும்பு இரண்டாகப் போயிற்று. "ஐயோ, பாய், நீங்களா" என்றார் கமலா. "நம்ம டீம்னு பாக்கல, பழக்கதோஷம்." மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்.

மேடையில் தேர்வாளர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "யாரு அந்த வெள்ளச் சட்ட?" என்று கேட்டார். சொன்னார்கள். "அவரோட பையன எடுத்துக்கலாம்" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் அன்றைக்கு ஒரே ஒரு அறைதான் காலி. எனவே இரண்டு லீக்கும் மறுபடி இணைந்தன. இந்தக் கோடியில் வெற்றிவேல், பக்கத்தில் கோவிந்தசாமி, அடுத்து பெரியப்பா, தம்பிகள். அந்தக் கோடியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டி, வாய் திறக்க முடியாத நிலையில் முசியே ஜானகிராமன். பேச முடியாததால் கையில் ஒரு ஸ்லேட்டு கொடுத்திருந்தார்கள். ஹாஜாவைக் கண்டதும் அவர் எழுதிக் காட்டினார்: 'வாழ்த்துகள். இதைத்தான் உங்களிடம் எதிர்பார்த்தேன். சிறந்த பெற்றோர் விருது உங்களுக்கே.'

மூன்றாம் நாள் தேர்வாளரே நேரில் வந்தார். "பாய், உங்க பையனுக்கு எங்ககிட்ட இடம் இருக்கு. தங்குறது, சாப்பாடு, பூட்ஸு எல்லாம் நாங்க பாத்துக்குவோம். நீங்க ஆட்டத்துக்கு வந்து நின்னா மட்டும் போதும்."

ஹாஜா, ஒரு தோளில் கட்டோடு, சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தார். "சார், எம் பையனுக்கு எந்தக் காலு நல்ல காலு?"

தேர்வாளர் யோசித்தார். "ரெண்டுமே நல்லாத்தானே இருக்கு? அதெல்லாம் அங்க வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"அவன் ஆடுனத நீங்க பாக்கவே இல்லியா?"

"பாய், அன்னிக்கு அங்க ஆட்டம் நடந்திச்சா என்ன?"

சென்னை, கோவா, பிரான்சு எல்லாம் வரிசையாக வந்து ஹாஜாவின் கட்டிலோரம் நின்றன. கை நீட்டினால் போதும். தேர்வாளர் தன் முகவரி அட்டையைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஜீனத் ஜன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை பள்ளி விட்டதும் இரண்டு அணிப் பையன்களும் அப்பாக்களைப் பார்க்க வந்திருந்தார்கள். அப்பாக்களைப் பார்த்தார்கள், அதற்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. இப்போது கீழே, ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஆடிக்கொண்டிருந்தார்கள். ஷாரிக்கின் உதட்டில் இரண்டு தையல். இளம்பரிதி அவனிடமிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓட, இவன் கத்திக்கொண்டே துரத்தினான்.

"என்னாம்மா, பசங்க ஆடுறானுவளா?" என்றார் வெற்றிவேல், காலைத் தூக்கிக் கட்டியிருந்த நிலையில்.

"ஆடுறாங்க."

"யாரு ஜெயிக்கிறா?"

"தெரியலீங்க. சட்டையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஆடுறாங்க."

"உப்பளத்துப் பசங்கதான் ஜெயிப்பாங்க" என்றார் கோவிந்தசாமி கண்ணை மூடிக்கொண்டு.

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

முசியே வேகவேகமாக ஸ்லேட்டில் எழுதினார்: 'இது அங்கீகரிக்கப்படாத ஆட்டம். நடுவர் எங்கே?' எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று தெரிந்ததும் ஸ்லேட்டை வீசினார். அது பெரியப்பாவின் மூக்கில் பட்டது. பெரியப்பா ஊன்றுகோலை எடுத்தார். ஒரு தம்பி குளுக்கோஸ் ஸ்டாண்டைக் கழட்டினான், ஊசி இன்னும் கையிலேயே இருந்தது. வெற்றிவேல் கால் தொங்கிய கயிற்றைப் பல்லால் கடிக்க ஆரம்பித்தார்.

ஜீனத் மாத்திரை, பிளாஸ்க், ஹாஜாவின் சட்டை எல்லாவற்றையும் நிதானமாகப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் போய் நின்று திரும்பினாள்.

"நீங்க வர்றீங்களா, இல்ல லீக்லியே இருக்கீங்களா?"

ஹாஜா தலையணை மேல் இருந்த அட்டையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு எவர்சில்வர் தட்டு பறந்து வந்து அட்டைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவருடைய நல்ல கை தானாகவே தட்டை எடுத்தது. எடைகூடப் பார்த்தது. ஜீனத் காத்திருந்தாள். ஹாஜா தட்டைக் கீழே வைத்தார், அட்டையை அதன் மேல் வைத்தார், குனிந்தபடி கட்டில்களுக்கு நடுவே நடந்து வெளியே வந்தார்.

ஜீனத் கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள்.

வராந்தாவில் நர்ஸ் அமுதவல்லி மருந்துத் தள்ளுவண்டியோடு வந்தார். கதவுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தது, இரும்புக் கட்டில் ஒன்று கவிழ்ந்தது.

"என்னாம்மா உள்ள சத்தம்?"

"மேட்ச் நடக்குதுங்க" என்றாள் ஜீனத்.

"யாருக்கும் யாருக்கும்?"

"அத அவங்க இன்னும் முடிவு பண்ணல."

அமுதவல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முடிஞ்சதும் தெறந்து வுடுங்க. எல்லாத்துக்கும் மறுபடி மொதல்லேர்ந்து கட்டணும்."